இங்கும் 8 வீதம், அங்கும் 8 வீதம்: பிரித்தானியாவுக்குப் புதிதாகப் போகும் மலையகத்தவர்களுக்கு

தோட்டத்துச் சம்பளத் துண்டைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கழிவு புதிதல்ல. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த அந்த நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8 வீதமும் நிர்வாகத்திடமிருந்து 12 வீதமும் சேர்கின்றன. தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலில் எட்டு நாள் வேலை பதிவாகியிருந்தாலும் இருபத்தைந்து நாள் பதிவாகியிருந்தாலும், முதல் ரூபாயிலிருந்தே அந்த 8 வீதம் பிடிக்கப்படும். அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் படிப்புக்காகவோ தாதியர் வேலைக்காகவோ பிரித்தானியாவுக்குப் போய்ச் சேரும் நம் பிள்ளைகள், அங்கே தேசியக் காப்புறுதிக்கும் (அரச ஓய்வூதியத்துக்கு வழிசெய்யும் சம்பளக் கழிவு) 8 வீதம்தான் என்று கேட்டதும் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறார்கள். வீதம் ஒன்றாக இருந்தாலும் அது தொடங்கும் இடமும் முடியும் இடமும் வேறு.

2025 ஏப்ரல் 6இல் தொடங்கிய வரியாண்டின் கணக்குப்படி, வாரச் சம்பளத்தில் முதல் 242 பவுணுக்கு ஊழியர் எதுவும் செலுத்துவதில்லை. அதற்கு மேல் 967 பவுண் வரையுள்ள பகுதிக்கு மட்டும் 8 வீதமும், அதையும் தாண்டிய பகுதிக்கு 2 வீதமும் கழிக்கப்படும். இவற்றுக்குக் கீழே, பலரும் கவனிக்காத இன்னொரு வரம்பு அந்த ஆண்டில் 125 பவுணில் இருந்தது. ஒரே வேலையில் வாரத்துக்கு 125 முதல் 242 பவுண் வரை பெறுபவர் ஒரு சதமும் கட்டாவிட்டாலும் ஓய்வூதியத்துக்கான கணக்கில் கட்டியவராகவே பதிவு செய்யப்படுவார். 125க்குக் குறைந்தால் அந்தப் பதிவு கிடையாது.

பகுதிநேர வேலை செய்யும் மாணவர்கள் இடறுவது இங்கேதான். 21 வயதை எட்டியவருக்கு அந்த ஆண்டின் குறைந்தபட்ச மணிநேரக் கூலி 12.21 பவுண். ஒரே கடையில் 20 மணிநேரம் நின்றால் 244.20 பவுண் கிடைக்கும். வரம்பைத் தாண்டிய 2.20 பவுணுக்கு 18 பென்ஸ் கழியும், அந்த வாரம் பதிவிலும் ஏறும். அதே 20 மணிநேரத்தை இரு வேறு முதலாளிகளிடம் பத்துப் பத்தாகப் பிரித்தால், ஒவ்வொன்றிலும் 122.10 பவுண்தான் வரும். இரண்டு சம்பளமும் சேர்த்துக் கணக்கிடப்படாததால் கழிவும் இல்லை, பதிவும் இல்லை. கழிவில்லாத சம்பளத்தைக் கண்டு மகிழ்வது நம் இயல்பு. ஆனால் விடுபட்ட ஒரு வாரத்தைப் பிறகு சுயவிருப்பில் கட்டி நிரப்புவதென்றால் அந்த ஆண்டுக் கணக்கில் 17.75 பவுண் ஆகும் என்பதால், 18 பென்ஸ் கொடுப்பதே மேல் என்பேன்.

வருமான வரி ஆண்டு முழுவதற்கும் சேர்த்துக் கணக்கிடப்படுவதால், ஒரு மாதம் கூடுதலாகப் பிடித்தது பின்னர் சரிசெய்யப்படலாம். தேசியக் காப்புறுதியோ ஒவ்வொரு சம்பளக் காலத்துக்கும் தனித்தனியே முடிந்துபோகும் கணக்கு. மாதம் 2,500 பவுண் பெறும் தாதி ஒருவருக்கு, 1,048 பவுண் என்ற மாத வரம்பைக் கழித்தபின் 116.16 பவுண் பிடிக்கப்படும். மேலதிக நேரம் செய்து 3,500 பவுண் எடுத்த மாதத்தில் அது 196.16 ஆகும்; அடுத்த மாதம் வேலை குறைந்தாலும் அந்த 80 பவுண் திரும்பி வராது.

முதலாளி தன் பங்காக, வாரம் 96 பவுணுக்கு மேற்பட்ட சம்பளத்துக்கு 15 வீதம் கட்டுகிறார். அதை உங்கள் சம்பளத்திலிருந்து வெட்டுவது சட்டவிரோதம்.

ஈ.பி.எஃப். உங்கள் பெயரில் வட்டியோடு வளரும் சேமிப்பு. ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் மொத்தமாக எடுக்கலாம். தேசியக் காப்புறுதியில் அப்படி ஒரு கையிருப்பு இல்லை. நாடு திரும்பும்போது கட்டிய பணத்தைக் கேட்டுப் பெறவும் முடியாது. பதிவு 10 ஆண்டுகளை எட்டினால்தான் அரச ஓய்வூதியத்தில் ஒரு பங்காவது கிடைக்கும். முழுத்தொகைக்கு 35 ஆண்டுகள் வேண்டும். ஓய்வு பெற்று மலையகத்துக்கே திரும்பி வந்தாலும் அந்த ஓய்வூதியத்தைப் பெறலாம். ஆனால் பிரித்தானியாவில் வசிப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் உயர்வு இலங்கையில் இருப்பவருக்குச் சேராது.