உங்கள் திறமையைப் பொதுப்பணிக்குப் பயன்படுத்துவது எப்படி?

திறமை என்ற சொல்லைக் கேட்டதும் மேடைப் பேச்சு, இசை, ஓவியம் என்று பிறர் கைதட்டக்கூடியவையே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவற்றில் ஒன்றும் தம்மிடம் இல்லை என்று கருதுபவர்கள், நன்கொடை கொடுப்பது மட்டுமே தம்மால் ஆகும் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு தொண்டு அமைப்பின் உள்ளே சில நாட்கள் இருந்து பார்த்தால், அங்கே தேங்கிக் கிடப்பவை பெரும்பாலும் வரவு செலவுக் கணக்கு, பதில் எழுதப்படாத கடிதங்கள், யாருக்கும் புரியாத விண்ணப்பப் படிவம் போன்ற சலிப்பூட்டும் வேலைகளே என்பது தெரியவரும்.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் மற்றவர்கள் எதற்காகவெல்லாம் உங்களைத் தேடி வந்தார்கள் என்று எழுதுங்கள். தமக்கு இயல்பாகக் கைவருவதை யாரும் திறமையாக எண்ணுவதில்லை என்பதால், பிறருடைய கோரிக்கைகளின் வழியாக அதை அடையாளம் காண்பதே எளிது. உறவினர்கள் காப்பீட்டுப் படிவத்தை உங்களிடம்தான் நீட்டுகிறார்களா? உடன் பணிபுரியும் இருவருக்குள் பிணக்கு வந்தால் உங்களை அழைக்கிறார்களா? அவையெல்லாம் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். போர்க்களச் செவிலியாகவே நினைவுகூரப்படும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலுக்கு, கிரிமியப் போர் முடிந்த பிறகு கைகொடுத்தது அவருடைய கணித ஆர்வம். காயங்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களாலேயே மிகுதியான வீரர்கள் மாண்டார்கள் என்பதை, நீண்ட அறிக்கையைப் படிக்கப் பொறுமையில்லாதவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளும்படி, 1858ஆம் ஆண்டில் அவர் வண்ண வரைபடமாக வெளியிட்டார்.

அடுத்து, தேவையை அறிய வேண்டும். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். நான் ஒருமுறை ஒரு சிறிய நூலகத்துக்காகப் பல மாலைப்பொழுதுகளைச் செலவிட்டு, இரவல் போகும் புத்தகங்களைக் கணினியில் பதிவு செய்யும் அட்டவணை ஒன்றை உருவாக்கிக் கொடுத்தேன். சில வாரங்கள் கழித்துப் போய்ப் பார்த்தபோது பழைய நோட்டுப் புத்தகமே மேசைமேல் இருந்தது. அவர்களுடைய உண்மையான சிக்கல் பதிவு செய்வதில் இல்லை, திருப்பித் தராதவர்களைத் தொலைபேசியில் அழைத்து நினைவூட்ட ஆள் இல்லாததில் இருந்தது. அதை நான் கேட்கவே இல்லை.

"உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேட்டால் மரியாதைக்காக ஏதாவது ஒரு பதில் கிடைக்கும். "கடந்த வாரம் எந்த வேலை உங்கள் நேரத்தை அதிகம் விழுங்கியது? எதைத் தள்ளிப்போட்டீர்கள்?" என்று கேட்டால் நிலவரம் வெளிவரும். முடிந்தால் ஒரு நாள் முழுவதும் உடன் இருந்து பாருங்கள். பார்வையற்றோருக்கான எழுத்தின் வரலாறே இதற்குச் சான்று: சார்லஸ் பார்பியர் என்ற படை அதிகாரி நல்ல நோக்கத்துடன் முன்வைத்த முறையில் ஓர் அடையாளத்துக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை இருந்ததால், அதை ஒரே விரல் நுனியால் ஒருசேர உணர முடியவில்லை. சிறு வயதிலேயே பார்வையை இழந்திருந்த லூயி பிரெயில், 1824 வாக்கில், பதினைந்து வயதில், அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். குறை எங்கே இருக்கிறது என்பதை அவருடைய விரலே அறிந்திருந்தது.

தேவை தெரிந்த பிறகு, ஒப்புக்கொள்ளும் முதல் வேலை சிறியதாகவும் முடிவு தேதி உடையதாகவும் இருக்கட்டும். "இயன்றபோதெல்லாம் உதவுகிறேன்" என்ற வாக்குறுதியால் யாருக்கும் பயனில்லை. அதை நம்பித் திட்டமிடவும் முடியாது. என்ன செய்வீர்கள், எப்போது முடிப்பீர்கள், யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று மூன்று வரிகளில் எழுதி இரு தரப்பினரும் வைத்துக்கொண்டால் போதும். வெளியே செல்ல இயலாதவர்களுக்கும் நேரம் துண்டு துண்டாகவே கிடைப்பவர்களுக்கும் இணையத்தில் பணிகள் உண்டு. 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹைத்தியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது, உலகின் பல பகுதிகளிலிருந்த தன்னார்வலர்கள் தம் வீட்டில் அமர்ந்தபடியே செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களையும் கட்டடங்களையும், யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்த்தார்கள். மீட்புக் குழுவினர் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். அதற்குத் தேவைப்பட்டது பொறுமையும் கூர்ந்து பார்க்கும் கண்ணும்தான்.

எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். பயிற்சியில்லாமல் மனநல ஆலோசனையோ மருத்துவ அறிவுரையோ சட்ட அறிவுரையோ கொடுக்காதீர்கள். நல்லெண்ணத்தால் விளைந்த தீங்கும் தீங்கே. குழந்தைகளோடு பணியாற்றுவதாக இருந்தால், அந்த அமைப்பின் பின்னணிச் சரிபார்ப்பையும் பாதுகாப்பு விதிகளையும் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இதுவரை ஒருவர் ஊதியம் பெற்றுச் செய்துவந்த வேலையை நீங்கள் இலவசமாகச் செய்ய முன்வந்தால் அவருடைய பிழைப்பு என்னவாகும் என்பதையும் விசாரிப்பது நல்லது. இதை வெகு சிலரே விசாரிக்கிறார்கள்.

வேலையைத் தொடங்கும் நாளிலேயே, நீங்கள் விலகிய பிறகு அது எப்படி நடக்கும் என்றும் யோசியுங்கள். கடவுச்சொல் ஒருவருடைய நினைவில் மட்டுமே இருந்ததால் முடங்கிப்போன இணையதளங்களும், கணக்கு எழுதியவர் ஊர் மாறியதும் நின்றுபோன கணக்குகளும் ஏராளம். நீங்கள் செய்வதைப் படிப்படியாக ஒரு பக்கத்தில் எழுதிவைத்து, அங்கே நிலையாக இருக்கும் ஒருவரை அதை மட்டுமே பார்த்து ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். அவர் எந்த வரியில் தடுமாறி உங்களை நிமிர்ந்து பார்க்கிறாரோ, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.