மணிக்குச் சுளுக்கு இல்லை: நாயின் முதுகில் கை வைக்கும் முன்

பெங்களூர் அல்சூரில் எங்கள் தெருவில் நாய் நொண்டினால் முதலில் வரும் வார்த்தை சுளுக்குதான். எங்கள் நாய் மணியைப் பார்த்தும் அதேதான். "நல்லெண்ணெய் தடவி நீவி விடும்மா, சரியாயிடும்" என்றார் எதிர்வீட்டு அத்தை. புத்தூர் கட்டை நம்பி வளர்ந்தவர். அவர் மகனோ ஒரு படி மேலே போய், நாய்களுக்குக் கைரோபிராக்டிக், அதாவது கையால் முதுகையும் மூட்டையும் தள்ளிச் சரிசெய்யும் வைத்தியம், செய்யும் ஒருவரின் நம்பரை அனுப்பினான். கூடவே ஒரு வீடியோ: குதிரையின் கழுத்தைத் திருப்புகிறார்கள், 'டக்' என்று சத்தம், குதிரை கொட்டாவி விடுகிறது.

அந்தச் சத்தத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். விலகிய எலும்பு இடத்தில் போய் உட்கார்ந்த சத்தம் இல்லை அது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதால் வருவது. இறுகிப்போன மூட்டைச் சின்னதாக, வேகமாக ஒரு தள்ளு தள்ளி அசைய வைப்பதுதான் இந்த முறை. 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட்டில் மனிதர்களுக்காகத் தொடங்கியது. குதிரைகளின் முதுகு இறுக்கம் குறைவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. நாய்களுக்கு ஆதாரம் அதைவிடக் குறைவு. எலும்பு நிஜமாகவே விலகியிருந்தால் அது எக்ஸ்ரேக்கும் ஆபரேஷனுக்கும் போக வேண்டிய கேஸ்.

பெரிய தவறு, என்ன நோய் என்று தெரியாமலே கை வைக்க விடுவது. நானும் அதைத்தான் செய்யப் போனேன். மணி ஆறு வயது டாஷ்ஹண்ட், நீள உடம்பும் குட்டைக் காலும் உள்ள இனம். சோபாவில் ஏறுவதை நிறுத்தினான், முதுகைக் கூனிக்கொண்டு நின்றான். சனிக்கிழமைக்கு அந்தக் கைரோபிராக்டிக் ஆளை வரச் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை தடுப்பூசிக்காக டாக்டரிடம் போனபோது, அவர் மணியின் பின்காலை மடக்கிப் பாதத்தின் மேல்புறம் தரையில் படும்படி வைத்தார். ஆரோக்கியமான நாய் உடனே பாதத்தைத் திருப்பி வைத்துவிடும். மணி அப்படியே நின்றான்.

கோளாறு நரம்பில். இந்த இனத்துக்கு முதுகெலும்புக் கணுக்களுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) சின்ன வயதிலேயே கெட்டிப்பட்டுவிடும். நாய்க்கு 13 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான் வட்டு அதிகமாகப் பிதுங்கும். அங்கே ஒரு தள்ளு தள்ளியிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. நான்கு வாரம் கூண்டிலேயே ஓய்வு. கால் இழுத்துக்கொண்டாலோ சிறுநீர் போகாவிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ராத்திரியே கிளம்புங்கள்.

உண்ணிக்காய்ச்சலும் முதுகுவலி வேஷம் போடும். நாய் விறைத்து நடக்கும், தூக்கினால் கத்தும். பெங்களூரில் உண்ணிக்குப் பஞ்சமா? ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

நம் வலி மாத்திரையில் பாதியைக் கொடுப்பது இன்னொரு வேலை. ஐபுப்ரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, கிட்னியையும் கெடுக்கும். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் போதும், உயிர் போக.

வருகிறவர் யார் என்று கேட்கவும் கூசுகிறோம். 1984-ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் சிகிச்சை செய்யலாம். பதிவு எண்ணைக் கேளுங்கள். முகம் சுளித்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். சந்தேகம் இருந்தால் ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குதிரை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: முதலில் சேணத்தைப் பாருங்கள், அப்புறம் லாடம், பல். சேணம் பொருந்தாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், மாதாமாதம் முதுகைச் சரிசெய்து என்ன பயன்?

எங்கள் வீட்டில் மாற்றியது தரையைத்தான். வழவழ டைல்ஸில் மணியின் பின்கால்கள் ரெண்டு பக்கமும் வழுக்கிப் பரப்பிக்கொள்ளும். நகத்தை ஒட்ட வெட்டி, ஹாலில் கோணிப்பாய் விரித்தோம். இப்போது பாய் முடியும் ஓரத்தில் நின்று சமையலறையைப் பார்த்துக் குரைக்கிறான். அங்கேயும் ஒன்று போட வேண்டுமாம்.