மாணவர் விசாவும் வதிவிட அனுமதியும்: வன்னியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்கப் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் வருகிற முதல் கேள்வி, "எந்த ஏஜென்சி நல்லது?" என்பதுதான். என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டிய இடம் உங்கள் பிரதேச செயலகம். விசா அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. உங்கள் பேப்பர்களை மட்டும்தான் தெரியும். அவை எல்லாம் ஒரே ஆளைப் பற்றிப் பேச வேண்டும், ஒரே கதையைச் சொல்ல வேண்டும். வன்னிப் பிள்ளைகளுக்கு இதில் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை இருக்கிறது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

ஜேர்மனியை முழு உதாரணமாக எடுத்திருக்கிறேன். அங்கே விசாவும் வதிவிட அனுமதியும் தனித்தனிக் கட்டங்களாக நடப்பதால் ஒழுங்கு தெளிவாக விளங்கும். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமும் இல்லை. லண்டன், கனடா வித்தியாசங்களை இடையிடையே சொல்கிறேன்.

விசா வேறு, அனுமதி வேறு

விசா உள்ளே நுழைய. வதிவிட அனுமதி அங்கே தங்கிப் படிக்க. ஜேர்மனிக்குக் கடவுச்சீட்டில் ஒட்டித் தரும் டி விசா பெரும்பாலும் சில மாதங்களுக்குத்தான். மிச்சக் காலத்துக்கான அனுமதியை நீங்கள் குடியிருக்கப் போகும் நகரத்தின் வெளிநாட்டவர் அலுவலகம் தரும். கனடாவில் ஸ்டடி பெர்மிட் என்ற தாளை, போய் இறங்கும்போது எல்லை அதிகாரி தருவார். அதை வாங்காமல் விமான நிலையத்தை விட்டு வெளியே வரக்கூடாது. பிரான்சில் நீண்டகால மாணவர் விசாவே வதிவிட அனுமதியாகவும் இருக்கும், ஆனால் போய் மூன்று மாதங்களுக்குள் ஒன்லைனில் அதை உறுதிப்படுத்த வேண்டும். பிரித்தானியா பிளாஸ்டிக் அட்டையை நிறுத்திவிட்டது. இப்போது எல்லாம் இ-விசா.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

2007, 2008, 2009இல் வன்னியில் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது ஏ.எல் எழுதி முடித்து நிற்கிறார்கள். அந்த வருடங்களில் சனம் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தது. பிறப்பைப் பின்னர் பதிந்தவர்கள் உண்டு, முகாமுக்கு வந்த பிறகு அவசரத்தில் எழுதிக் கொடுத்தவர்கள் உண்டு. அதனால் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு மாதிரியும் அப்பாவின் அடையாள அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது எங்கள் பக்கத்தில் புதுமை இல்லை.

ஒரு மேசையில் இவற்றை வரிசையாக வையுங்கள்: பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, ஓ.எல், ஏ.எல் சான்றிதழ்கள், பாடசாலை விடுகைப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டைகளும் விவாகச் சான்றிதழும். ஒவ்வொரு பெயரையும் எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறந்த தேதியையும்தான்.

பிறப்புப் பதிவிலேயே பிழை என்றால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் திருத்த விண்ணப்பியுங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம், அதனால்தான் இதை முதற்படியாக வைத்தேன். ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் சின்ன வித்தியாசம் என்றால், உதாரணத்துக்குச் 'சிவா' என்பதை ஓரிடத்தில் 'எஸ்' என்றும் இன்னோரிடத்தில் 'எஸ்எச்' என்றும் எழுதியிருந்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னால் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பதிவுத் திருத்தத்துக்கு அது ஈடாகாது. சின்ன வித்தியாசத்துக்கு மட்டும்தான் உதவும்.

எல்லாம் சரியான பிறகுதான் கடவுச்சீட்டு. வவுனியாவிலேயே குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் அலுவலகம் இருப்பதால் பத்தரமுல்லைக்கு ஓட வேண்டியதில்லை. படத்தைத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்களில் பலர் அதில் அப்பாவின் பெயரைப் போடுகிறோம். போடலாம், ஆனால் அங்கே போன பிறகு எல்லாக் கடிதமும் அந்தப் பெயருக்குத்தான் வரும், உங்களை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பழகிவிடும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. தமிழில் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். பெயர்களை அதிலுள்ள எழுத்துக்கூட்டலிலேயே எழுதச் சொல்லுங்கள். இதைச் சொல்லாவிட்டால் அவர் தன் காதுக்குப் பட்டபடி எழுதுவார், மூன்றாவதாக ஒரு பெயர் பிறக்கும். வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சி கேட்டிருந்தால் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்தில் உள்ள கொன்சியூலர் அலுவலகத்திலேயே எடுக்கலாம்.

படி 2: அனுமதிக் கடிதம்

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஜேர்மனியில் ஒக்டோபரில் தொடங்கும் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் ஜூலை 15 கடைசித் தேதி. ஏ.எல் பெறுபேற்றை வைத்து நேரே சேர முடியுமா, முதலில் ஷ்டூடியன்கொலெக் என்ற ஆயத்த வகுப்பில் படிக்க வேண்டுமா என்பதைப் பல்கலைக்கழகம் சொல்லும். பிரித்தானியாவுக்குச் சி.ஏ.எஸ். எண் (உங்களைச் சேர்த்துக்கொண்டதை உறுதிப்படுத்திப் பல்கலைக்கழகம் தரும் எண்) வந்தால்தான் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கனடாவில் பட்டப்படிப்புக்குப் போகிறவர்களுக்குக் கல்லூரிக் கடிதத்தோடு மாகாணத்தின் உறுதிக் கடிதமும் வேண்டும். எந்த நாடு என்றாலும் உங்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தே விண்ணப்பியுங்கள். ஏஜென்சியின் மின்னஞ்சலைக் கொடுத்தால் உங்கள் விஷயம் உங்களுக்கே தெரியாமல் போகும்.

படி 3: காசு

கூடுதலாகக் கவனிக்க வேண்டிய படி இதுதான். எங்கள் ஊர்களில் படிப்புச் செலவை அப்பா மட்டும் பார்ப்பதில்லை. கனடாவில் ஒரு மாமா, சுவிசில் ஒரு சித்தப்பா, இங்கே கொஞ்சம் நெல் வித்த காசு, கொஞ்சம் நகை அடகு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, உள்ளபடி காட்டினால் போதும். ஆனால் மாமாவின் காசை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மாதிரிப் பார்க்கிறது.

ஜேர்மனி: ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோவை உங்கள் பெயரில் முடக்கக் கணக்கு ஒன்றில் போட வேண்டும். போன பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்குத் திறந்துவிடுவார்கள். அந்தக் காசை மாமாவும் போடலாம். மாமா ஜேர்மனியிலேயே இருந்தால் இன்னொரு வழி உண்டு. அவர் தன் நகர வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சம்பளத் துண்டுகளோடு போய், உங்கள் செலவைத் தான் ஏற்பதாகச் சட்டப்படி எழுதிக் கொடுக்கலாம். அது வெறும் கடிதம் இல்லை. உங்களுக்காக அரசு ஏதும் செலவழித்தால் அவரிடமிருந்து திருப்பி அறவிடுவார்கள். கேட்பதற்கு முன் அதை அவருக்கு விளக்கிச் சொல்வது மரியாதை.

பிரித்தானியா: மாமாவின் கணக்கை ஏற்கமாட்டார்கள். காசு உங்கள் கணக்கிலோ பெற்றோரின் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போய்விடும். அந்த 28ஆம் நாள், நீங்கள் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்திய 31 நாட்களுக்குள் வர வேண்டும். முதல் வருடக் கட்டணத்தில் மிச்சமிருப்பதோடு, லண்டனுக்குள் என்றால் மாதம் 1,529 பவுண், வெளியே என்றால் 1,171 பவுண், ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். அப்பாவின் கணக்கைக் காட்டினால் பிறப்புச் சான்றிதழும் அவருடைய சம்மதக் கடிதமும் சேர வேண்டும். முதற்படியில் பெயரைத் திருத்தியதன் பலன் இங்கேதான் தெரியும்.

கனடா: கட்டணமும் பயணச் செலவும் போக 22,895 டொலர் காட்ட வேண்டும். மாமா பொறுப்பெடுக்கலாம், ஆனால் அவருடைய வருமானம், வரிப் பேப்பர், உங்களோடு உள்ள உறவு எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்பார்கள். இந்தத் தொகைகள் மாறிக்கொண்டே இருப்பவை. விண்ணப்பிக்கும் கிழமையில் அந்தந்த அரசின் இணையத்தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அப்பா கமம் செய்கிறவர் என்றால் வங்கிக் கணக்கில் மாதாமாதம் சம்பளம் விழாது. காலபோக அறுவடை முடிந்ததும் ஒரு பெரிய தொகை விழும், அப்புறம் சிறுபோகம் வரை ஒன்றும் இராது. தூர நாட்டு அதிகாரிக்கு அது எங்கிருந்தோ திடீரென வந்த காசு மாதிரித் தெரியும். அதனால் நெல் வித்த பற்றுச்சீட்டு, கமநல சேவை நிலையத்தில் வாங்கிய காணி விபரம், கிராம அலுவலரின் வருமானச் சான்று மூன்றையும் வைத்து, எந்தத் தேதிக் காசு எதிலிருந்து வந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அடகுக் காசு என்றால் அடகுச் சீட்டு. கட்டணத்தை அனுப்ப வங்கியில் ஸ்டூடன்ட் ஃபைல் திறக்க வேண்டும். அதற்கு அனுமதிக் கடிதத்தைக் கேட்பார்கள்.

"ரெண்டு கிழமைக்குக் கணக்கில காசு போட்டுக் காட்டுறம்" என்று யாராவது வட்டிக்குப் பேசினால் எழும்பி வாருங்கள். பொய்ப் பேப்பர் பிடிபட்டால் கனடா 5 வருடம், பிரித்தானியா 10 வருடம் வரை கதவை மூடும். தடை விழுவது உங்கள் பெயரில், ஏஜென்சியின் பெயரில் இல்லை.

படி 4: விண்ணப்பமும் நேர்முகமும்

ஜேர்மன் மாணவர் விசாவுக்கு 2025 முதல் அந்த நாட்டு வெளிநாட்டு அமைச்சின் ஒன்லைன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். பேப்பர்களை ஏற்றி, அவர்கள் பார்த்து முடித்ததும், மூலப் பிரதிகளோடு கொழும்புக்குப் போய்க் கைவிரல் அடையாளம் கொடுக்க வேண்டும். கட்டணம் 75 யூரோ. காலைச் சந்திப்பு என்றால் முதல் நாளே போய் உறவினர் வீட்டில் தங்குங்கள். இரவு பஸ்ஸில் தூங்காமல் போய்க் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். பிரித்தானியாவுக்கு ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பென்றால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும்.

ஏன் இந்தப் பாடம், ஏன் இந்த நாடு, முடித்துவிட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். நோக்கக் கடிதத்தை நீங்களே எழுதியிருந்தால் பதில் தானாக வரும். உடைந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை, இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்து நீரியல் படிக்க ஆசை வந்தது என்றால் அப்படியே எழுதுங்கள். இடம்பெயர்வால் படிப்பில் இடைவெளி இருந்தால் வருடத்தோடு ஒரு வரியில் சொல்லுங்கள். அனுதாபம் தேட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்.

மறுத்தால்? கடிதத்தில் உள்ள காரணத்தைப் படியுங்கள். ஜேர்மனியில் தூதரகத்துக்கே மேன்முறையீடு எழுதும் வழி 2025 ஜூலை 1 முதல் இல்லை. குறையைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது நீதிமன்றம் போகலாம். அதே பேப்பரை மறுபடி அனுப்பினால் அதே பதில்தான் வரும்.

படி 5: போய் இறங்கிய பிறகு

ஜேர்மனியில் வீட்டுக்குக் குடிபோய் இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் பத்திரம் தேவை. பதிய விடமாட்டேன் என்கிற அறையை, எவ்வளவு மலிவென்றாலும் எடுக்காதீர்கள். கடிதப் பெட்டியில் கடவுச்சீட்டில் உள்ள குடும்பப் பெயரை ஒட்டுங்கள். பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பிக் கொண்டு போய்விடுவார்.

பிறகு மருத்துவக் காப்புறுதி, வங்கிக் கணக்கு, பல்கலைக்கழகப் பதிவு. இவை கையில் வந்ததும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். பெரிய நகரங்களில் சந்திப்புக் கிடைக்கவே மாதங்கள் போகும். பயப்பட வேண்டாம். டி விசா முடிவதற்கு முன் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை நீங்கள் தங்குவது சட்டப்படி சரி. அதற்கான இடைக்காலச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். அனுமதி அட்டை பொதுவாக இரண்டு வருடம் வரைக்கும்தான் வரும். புதுப்பிக்கும்போது படிப்பு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

வேலை செய்யலாம், வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பருவகாலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், கனடாவில் 24. தெரிந்தவரின் கடையில் கைக்காசுக்கு நின்றாலும் அது கணக்கில் வரும். எத்தனை மணி நேரம் செய்தீர்கள் என்று நீங்களே ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். அட்டை முடியும் தேதிக்கு மூன்று மாதம் முன்னால் போனில் ஒரு அலாரமும் போட்டுவிடுங்கள்.