மெமரில இருக்கிற டேட்டாவ, ஃபைல் பாத் கேக்குற ஃபங்ஷனுக்குக் குடுக்கிறது எப்படி?

போன வாரம் பினாங்குல பாயான் லெப்பாஸ் ஆபீஸ்ல கிளம்புற நேரத்துல மாட்டுனேன். கிளையண்ட் சர்டிஃபிகேட்டும் பிரைவேட் கீயும் டேட்டாபேஸ்ல இருந்து ஸ்ட்ரிங்கா வருது, ஆனா பைதான் எஸ்எஸ்எல் மாட்யூல்ல லோட் சர்ட் செயின் ஃபங்ஷன் ஃபைல் பாத்தான் வேணும்னு அடம் பிடிக்குது. மெமரிலயே ஃபைல் மாதிரி நடிக்கிற பைட்ஸ்ஐஓவ குடுத்துப் பாத்தேன், டைப் எரர். (சிஏ, அதாவது சர்டிஃபிகேட் குடுக்கிற அமைப்போட சர்டிஃபிகேட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல, லோட் வெரிஃபை லொகேஷன்ஸ்ல சிஏடேட்டான்னு நேரா குடுக்கலாம்.)

முதல்ல டெம்ப்ஃபைல் மாட்யூல்ல இருக்கிற நேம்டு டெம்பரரி ஃபைல வித் பிளாக்ல திறங்க. சர்டிஃபிகேட், கீ ரெண்டையும் ஒண்ணா சேத்து பைட்ஸா எழுதுங்க. அப்புறம் டாட் நேம்ல வர்ற பாத்த ஃபங்ஷனுக்குக் குடுங்க.

இல்ல இல்ல, குடுக்காதீங்க, நில்லுங்க! குடுக்கிறதுக்கு முன்னாடி ஃப்ளஷ் பண்ணணும், அதாவது எழுதுனத ஃபைலுக்குத் தள்ளி விடணும். எனக்கு இங்கதான் ரெண்டு மணி நேரம் போச்சு, வாங்கி வச்ச தே தாரிக் (இழுத்து ஆத்துற பால் டீ) ஆறி ஆடை கட்டிருச்சு. கோட்ல தப்பே இல்ல, ஆனா சர்டிஃபிகேட் படிக்க முடியலன்னு எரர், கடைசில எல்எஸ் போட்டுப் பாத்தா ஃபைல் சைஸ் 0. எழுதுனது இன்னும் பைதானோட பஃபர்லயே (மெமரில இருக்கிற தற்காலிக இடம்) உக்காந்திருக்கு, பஃபர் வெர்ஷனப் பொறுத்து 4096, 8192 பைட் இல்லாட்டி அதுக்கு மேலயும் இருக்கும், என் கீயும் சர்டிஃபிகேட்டும் சேந்தே அத நிரப்பல. ஃப்ளஷ்னு ஒரு வரி, அவ்ளோதான்.

ஃபைல் ஓனர் மட்டும் படிக்கிற மாதிரி 0600 பெர்மிஷன்லதான் உருவாகும். இருந்தாலும் பிரைவேட் கீ டிஸ்க்ல படக்கூடாதுன்னு நெனைச்சா டைரக்டரிய லினக்ஸ்ல இருக்கிற டெவ் எஸ்எச்எம்னு மாத்துங்க, அது ரேம்ல ஓடுது. டாக்கர்ல அதுக்கு டீஃபால்ட்டா 64 எம்பிதான், பெரிய வீடியோவ எல்லாம் அதுல திணிக்காதீங்க.

எனக்குப் பிடிச்சது மெம்எஃப்டி கிரியேட், ரேம்லயே ஒரு ஃபைல உருவாக்கி அதுக்கு ஒரு நம்பரத் தரும். லினக்ஸ் மட்டும்தான், பைதான் 3.8ல இருந்து ஓஎஸ் மாட்யூல்லயே இருக்கு. அதுல டேட்டாவ எழுதிட்டு, வர்ற நம்பர வச்சு ப்ராக், செல்ஃப், எஃப்டி, நம்பர்னு பாத் கட்டிக் குடுத்தா முடிஞ்சிச்சு, அழிக்க வேண்டிய ஃபைலே கிடையாது.

அப்டேட்: விண்டோஸ்ல பெர்மிஷன் எரர் வருதுன்னு கமெண்ட்ல ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க. அங்க திறந்திருக்கிற டெம்ப் ஃபைல இன்னொரு தடவ திறக்க விடாது. பைதான் 3.12ன்னா டிலீட் ஆன் குளோஸ ஃபால்ஸ் ஆக்கிட்டு, எழுதி குளோஸ் பண்ணிட்டு பாத்த குடுங்க, வித் பிளாக் முடியறப்போ தானா அழிஞ்சிரும். பழைய வெர்ஷன்னா டிலீட்ட ஃபால்ஸ் ஆக்கி, ஃபைனலி பிளாக்ல நீங்களேதான் அழிக்கணும்.