கைவிடப்பட்ட கிளை ரயில் பாதையின் வரலாற்றைத் தேடி எடுப்பது எப்படி?

முதல் கேள்வி, பாதை யார் பணத்தில் போடப்பட்டது என்பது. காகிதம் எங்கே கிடைக்கும் என்பது அதைப் பொறுத்தது. 1894இல் திறந்த மாயவரம்–முத்துப்பேட்டை பாதை தஞ்சாவூர் ஜில்லா போர்டுடையது (அக்கால மாவட்ட உள்ளாட்சி அமைப்பு). வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. இப்படிப்பட்ட பாதைக்கு ரயில்வே கோப்புகளை மட்டும் புரட்டினால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதியை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில், உள்ளாட்சித் துறை அரசாணைகளில் தேட வேண்டும். தரங்கம்பாடி, திருச்சி என்று மட்டும் கேட்காதீர்கள். காப்பகத்தின் கோப்பு அட்டவணையில் தரங்கம்பாடி 'டிராங்க்பார்' என்றும் திருச்சி 'டிரிச்சினாபோலி' என்றும்தான் இருக்கும்.

தேதிகளைக் கலக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்: அனுமதி, திறப்பு, கடைசிப் பயணி வண்டி, மூடல் ஆணை, தண்டவாளம் பிடுங்கியது. ஒரே பாதை பகுதி பகுதியாகத் திறந்திருக்கும். மொரப்பூர்–தருமபுரி குறும்பாதை (நாரோகேஜ்) 1906இல் வந்தது, ஓசூர் வரை நீண்டது 1913இல். பகுதிவாரித் திறப்பு நாளும் மைல் கணக்கும் ரயில்வே வாரியத்தின் பழைய பாதை வரலாற்றுத் தொகுப்புகளில் இருக்கும். மூடிய தேதிதான் தலைவலி. திறப்பு விழாவுக்குச் செய்தி உண்டு, மூடுவிழாவுக்குப் பெரும்பாலும் கிடையாது. வருடவாரியாகக் கால அட்டவணைகளை அடுக்கி, பாதை கடைசியாக அச்சான இதழையும் காணாமல்போன முதல் இதழையும் பிடித்தால், இடைவெளி சில மாதங்களாகச் சுருங்கும். 1941இல் மூடிய பாதை என்றால் இரண்டாம் உலகப் போர்க்காலக் கோப்புகளையும் பாருங்கள்.

அடுத்து வரைபடம். டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகத் தளத்தில் அமெரிக்க ராணுவம் அச்சிட்ட 1:2,50,000 தாள்கள் (யூ502 வரிசை) இலவசமாகக் கிடைக்கின்றன. அவை திசை காட்டத்தான். தாளில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 250 மீட்டர். துல்லியத்துக்கு இந்திய நில அளவைத் துறையின் ஒரு மைலுக்கு ஓர் அங்குலத் தாள் வேண்டும். அதை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தும்போது தாளின் கட்டக் கோடுகளை நம்பி அப்படியே இன்றைய ஆயத்தொலைவுகளைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய தாள் எவரெஸ்ட் அளவையில் (பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கு, இன்றைய ஆயத்தொலைவுகளோடு ஒத்துப்போகாது) வரைந்தது, பாதை வயலுக்குள் தள்ளிப்போய் நிற்கும். கோயில், குளத்தின் மூலை, இன்றும் மாறாத சாலைச் சந்திப்பு என ஆறு புள்ளிகளாவது, பாதையின் இருபுறமும் பரவலாக எடுங்கள். தண்டவாளம் போட்டிருந்த மண்மேடு இப்போது உழப்பட்டுவிட்டதா? 1960–72 கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களை அமெரிக்க நிலவியல் ஆய்வு மையத்தின் தளத்தில் தேடுங்கள்.

கிராம அளவில் 'அ' பதிவேடும் (ஊர் நிலங்களின் புல எண் பட்டியல்) புலப்படமும் (புல எல்லை வரைபடம்) போதும். ஊர் எல்லையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீளமாக, ஒடுக்கமாக ஓடும் ரயில்வே புறம்போக்கு எண்கள்தான் பாதை. அந்தப் பட்டை ஓரிடத்தில் அகன்றால், பழைய ரயிலடி அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.

களத்துக்கு ஏப்ரல், மே மாதங்களில் போங்கள். டெல்டாவில் மேட்டூர் தண்ணீர் வந்தபின் மேடும் வரப்பும் ஒன்றாகிவிடும். காலை வெயில் சாய்வாக விழும்போது மேட்டின் நிழல் தெளிவாகத் தெரியும். வாய்க்கால் கரையை ரயில் மேடு என்று நினைப்பது எல்லாருக்கும் நேர்வது. வாய்க்கால் நிலத்தின் சரிவுக்கேற்ப வளைந்து போகும். ரயில் மேடு நீண்ட, சீரான வளைவில் போய், வாய்க்கால்களைச் சிறு பாலங்களால் தாண்டும். மண் வெட்டிய பள்ளங்கள் அதன் பக்கத்தில் கிடக்கும்.

பாதையின் அகலத்தைக் கண்டுபிடிக்க மேட்டை அளப்பது வீண், அது சரிந்திருக்கும். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடந்து, பிறகு வேலிக்கு நட்ட மரக் கட்டை (ஸ்லீப்பர்) முழுசாகக் கிடைத்தால் அதன் நீளத்தை அளந்து பாருங்கள்: அகலப்பாதைக்கு ஏறக்குறைய 2.75 மீட்டர், மீட்டர்கேஜுக்கு 1.8, 762 மில்லிமீட்டர் குறும்பாதைக்கு 1.5. வேலிக்கால், மாட்டுக்கொட்டகைத் தூண் எனப் பழைய தண்டவாளம் ஊருக்குள் நிற்கும். அதன் பக்கவாட்டு மெல்லிய தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் எடையும் புடைப்பாக இருக்கும். துருவைச் சுரண்டாதீர்கள், சாக்குக்கட்டியைப் படுக்கையாகத் தேய்த்து, பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் எழுத்து எழும்பும். ஆனால் அந்த ஆண்டைத் திறப்பு ஆண்டாக எழுதிவிடக் கூடாது. பிரதான பாதையில் தேய்ந்த தண்டவாளத்தைக் கிளைப்பாதையில் போடுவது வழக்கம்.

பழைய கேங்மேன், கேட்கீப்பர், சரக்கு ஏற்றியவர்களிடம் "எந்த வருஷம்?" என்று கேட்டால் ஊகம்தான் வரும். "1952 புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?", "கடைசியா இழுத்தது நீராவி இஞ்சினா?", "என்ன சரக்கு போச்சு?" என்று கேளுங்கள். பதிலைக் காகிதத்தோடு ஒத்துப்பாருங்கள். முரண்பட்டால் இரண்டையும் எழுதிவையுங்கள்.

பழைய ஆவணத்தில் தூரம் மைலிலும் சங்கிலியிலும் இருக்கும்: மைலுக்கு 80 சங்கிலி, சங்கிலிக்கு 20.12 மீட்டர். கணக்கு எந்த நிலையத்திலிருந்து தொடங்குகிறது என்று முதலில் பாருங்கள். சந்திப்பிலிருந்தா, சென்னையிலிருந்தா என்பதைக் கவனிக்காமல் விட்டால் எல்லா நிலையமும் இடம் மாறிவிடும். வண்டி ஓடாவிட்டாலும் நிலம் பெரும்பாலும் ரயில்வேயுடையதுதான். பாலத்தில் ஏறுமுன் அனுமதி வாங்குங்கள், எதையும் பெயர்த்து எடுக்காதீர்கள்.