பால் பல் எக்ஸ்ரேயில் நடக்கும் தவறுகள்
"விழப்போற பல்லுதானே டாக்டர், அதுக்கு எதுக்கு எக்ஸ்ரே?"

தண்டையார்பேட்டையில் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் எனக்கு வாரம் தவறாமல் வரும் கேள்வி இது. காசிமேட்டு மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் போய்வந்த கையோடு, கன்னம் வீங்கிய ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கி வந்திருப்பார் அந்த அம்மா. பின்கடைசிப் பால் பல் 10 முதல் 12 வயதில்தான் விழும். அதுவரை அந்தப் பல்லில்தான் பிள்ளை மென்று சாப்பிட வேண்டும். ஆறு வயதில் அதற்கும் பின்னால் முளைப்பது நிரந்தரப் பல். எந்தப் பல்லும் விழாமலே வருவதால் அதையும் பால் பல் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

அடுத்த தவறு எங்கள் பக்கம். பெரியவர்களின் எக்ஸ்ரே படம் பார்த்துப் பழகிய கண் நேரே வேர் நுனிக்குப் போகும். பால் கடைவாய்ப்பல்லின் அடித்தளத்தில் நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கிருமி இறங்குவதால், எலும்பு பெரும்பாலும் வேர்கள் பிரியும் கவட்டில்தான் முதலில் கரையும். கவடு தெரியாத படத்தை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

வேர்கள் அகல விரிந்திருப்பது நடுவில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் விட. அந்தப் பக்கமாகத்தான் வேர் கரையத் தொடங்கும். படத்தில் முழு நீளம் தெரிந்தாலும் உட்புறம் கரைந்திருக்கலாம். அதனால் வேர் சிகிச்சையில், வேருக்குள் நரம்பு ஓடும் மெல்லிய கால்வாயைச் சுத்தம் செய்யும்போது நுனிக்கு 1 அல்லது 2 மில்லிமீட்டர் முன்பே நிறுத்துகிறோம். கீழ்க்கடைவாய்ப்பல்லின் முன்வேரில் பெரும்பாலும் இரண்டு கால்வாய்கள் உண்டு. நேராக எடுத்தால் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து ஒரே கோடாகத் தெரியும். குழாயைச் சற்றுச் சாய்த்து இன்னொன்று எடுத்தால் பிரிந்துவிடும்.

அப்புறம் சிபிசிடி, அதாவது பல், தாடைக்கான கூம்புக்கதிர் சிடி ஸ்கேன். முப்பரிமாணத்தில் கால்வாய்களை எண்ண அருமையான கருவி. ஆனால் கதிர்வீச்சு, வாய்க்குள் ஃபிலிம் வைத்து எடுக்கும் சிறு படத்தைவிட அதிகம், வளரும் உடல் அதை எளிதில் தாங்காது. எண்ணிப் பார்க்க மட்டும் ஒரு குழந்தையை ஸ்கேனில் உட்காரவைப்பது தவறு. பால் பற்களில் எத்தனை கால்வாய்கள் என்று ஆராய்பவர்களுக்கு, வேறு காரணத்துக்காக ஏற்கெனவே எடுத்த ஸ்கேன்களே போதும். பிடுங்கிய பற்களை மைக்ரோ சிடி என்ற ஆய்வக ஸ்கேனரில் வைத்தால் இன்னும் நுணுக்கமாகத் தெரியும். அங்கேயும் வேர் கரைந்த பற்களை முழு வேர்ப் பற்களோடு சேர்த்து எண்ணினால் கணக்கு கெட்டுவிடும். பிள்ளை அசைந்த ஸ்கேனில் ஓரங்கள் இரட்டையாகும், உலோக மூடி போட்ட பல்லைச் சுற்றிக் கீற்றுகள் விழும். அவற்றைக் கால்வாய் என்று எண்ணிவிடக் கூடாது.

சிறு படத்துக்கும் அசைவுதான் எதிரி. அதனால் முதலில் கருவியை இயக்காமல், ஃபிலிமை மட்டும் வாயில் வைத்து, பிள்ளையோடு சேர்ந்து பத்து வரை எண்ணுவேன். அது அசையாமல் இருந்த பிறகுதான் பட்டனில் கை வைப்பேன்.