கண்ணுக்கு ஒரே ஊர், ஃபில்டருக்கு இரண்டு ஊர்

சனிக்கிழமைகளில் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் சில பிள்ளைகளுக்கு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். பட்டியலில் வேண்டியதை மட்டும் பொறுக்கும் ஃபில்டர் பாடம் வந்தால் நான் விழுந்த அதே குழியில் வரிசையாக விழுகிறார்கள். விடையைத் திருப்பித் தரும் ரிட்டர்ன் எழுத மறப்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வெறும் பட்டியல் வந்ததும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒரே மாதிரித் தெரிந்தால் ஒன்றுதான் என்று நம்புவது

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். சில வருடங்களுக்கு முன் தோட்டப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்க ஒரு பெயர்ப் பட்டியல் தயாரித்தோம். பாதி போனில் டைப் செய்தது. மீதி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடந்ததை, இன்று எங்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டுக்கு மாற்றியது. ஊர் 'கொட்டகலை' என்று இருப்பவர்களை மட்டும் எடுக்க ஒரு ஃபில்டர் போட்டேன். 41 பேர் வந்தார்கள். அந்தக் கணக்குக்கே கொப்பி வாங்கினோம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் போய் இறங்கினால் 60 பிள்ளைகள் நிற்கிறார்கள். வெறுங்கையோடு திரும்பிய 19 பேரில் ஒரு சின்னவன், "எங்க பேர் இல்லையா சேர்?" என்று கேட்டான். பேர் இருந்தது. என் ஃபில்டர்தான் தள்ளிவிட்டது.

'ொ' என்ற குறியை யுனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே குறியீடாக, அல்லது 'ெ', 'ா' என்று இரண்டாக. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. எத்தனை குறியீடு என்று லெங்த் கேட்டுப் பாருங்கள்: ஒரு கொட்டகலைக்கு 8, இன்னொன்றுக்கு 9. ோ, ௌ இரண்டுக்கும் இதே கதை. நம் பக்கம் தோட்டம், கொழுந்து, தொழிலாளர், நோர்வூட், பொகவந்தலாவை என்று எதைத் தொட்டாலும் இந்தக் குறிகள்தான், தப்பவே முடியாது.

மருந்து சின்னது. 2015இலிருந்து ஜாவாஸ்கிரிப்டில் நார்மலைஸ் என்ற கட்டளை இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் அழைத்தாலே பிரிந்த குறிகளைச் சேர்த்துவிடும். முதலில் பட்டியலை ஒவ்வொன்றாக மாற்றித் தரும் மேப் போட்டு, மூலப் பெயரைத் தொடாமல், பக்கத்தில் தேடுவதற்கென நார்மலைஸ் செய்த ஒரு புலம் வையுங்கள். தேடும் சொல்லையும் ஃபில்டருக்கு வெளியே ஒரு தடவை நார்மலைஸ் செய்யுங்கள். போன வாரம் ஒருத்தி தேடும் சொல்லை மட்டும் திருத்திவிட்டு, "இன்னும் குறையுதே சேர்" என்றாள். இரண்டு பக்கமும் செய்யவேண்டும்.

ஒன்று மட்டும் இதில் அடங்காது. 'கௌரி'யைப் பலர் ள போட்டு 'கெளரி' என்று அடிப்பார்கள். ள தனி எழுத்து, நார்மலைஸ் அதைத் தொடாது. எல்லா 'ெள'வையும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். நானும் செய்தேன், 'வெள்ளி', 'தெளிவு' எல்லாம் நாசமாயின.

வெற்றுத் தேடல்

ஒரு சொல் இன்னொன்றுக்குள் இருக்கிறதா என்று பார்க்கும் இன்குளூட்ஸுக்கு ஓர் எழுத்தும் இல்லாத சொல் கொடுத்தால் எல்லாரும் வருவார்கள்.

'க' என்று தேடுவது

கி, கொ, க் எல்லாவற்றுக்குள்ளும் 'க' இருக்கிறது. கம்பியூட்டருக்கு அது எழுத்து, நமக்குத்தான் அரை எழுத்து.

ரெஜெக்ஸில் 'ஜி' கொடி

சொல்லின் வடிவத்தை வைத்துத் தேடும் ரெஜெக்ஸில் 'ஜி' கொடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரு பெயரில் பொருத்தம் கிடைத்ததும், அடுத்த பெயரையும், பொருந்துகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் கட்டளை அந்த இடத்திலிருந்தே பார்க்கத் தொடங்கும். சிலர் காரணமே தெரியாமல் விடுபடுவார்கள்.

ஹட்டனா, அட்டனா?

இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டும் உங்கள் பட்டியலுக்குள் வரும். இதற்கு எந்த ஃபில்டரும் கைகொடுக்காது. ஊருக்கு ஒரு எண் வையுங்கள், படிவத்தில் டைப் செய்ய விடாமல் தேர்ந்தெடுக்க விடுங்கள். இரண்டாம் தடவை கொப்பி கொண்டுபோனபோது அப்படித்தான் செய்தோம். அந்தச் சின்னவன் எனக்கு முன்னால் வந்து நின்றான்.